மூச்சைத் திருப்பித் தரும் மருந்து, இதயத்தை என்ன செய்யும்?

1/ ஆபரேஷன் முடிஞ்சதும் மயக்க டாக்டர் பெரும்பாலும் ஒண்ணுக்கு ரெண்டு மருந்து சேர்த்துப் போடுவார். ஏன் ரெண்டு? அதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

2/ 1942, மான்ட்ரியல். தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவிய குராரே விஷத்தை, தசையைத் தளர்த்த மயக்க மருந்தோடு கொடுத்தாங்க ஹெரால்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும். வயிற்று ஆபரேஷன் சுலபமாச்சு. ஆனா மூச்சு விடுறதும் தசைதானே?

3/ தசையை மறுபடி எழுப்ப நியோஸ்டிக்மின். இது அசிட்டைல்கோலினைப் பெருக்கும். சிக்கல் என்னன்னா, தசையை இயக்கும் அதே அசிட்டைல்கோலின்தான் இதயத்துக்குப் பிரேக். துடிப்பு குறையும், நின்னும் போகலாம்.

4/ அதனால கூடவே அட்ரோபின். ஆனா அது முந்திக்கிட்டு வேலை செய்யும்: முதல்ல துடிப்பு எகிறும், அப்புறம் இறங்கும். பின்னாடி வந்த கிளைக்கோபைரோலேட் நியோஸ்டிக்மினோட வேகத்துக்கு நல்லாப் பொருந்துச்சு. அந்த ரெண்டாவது மருந்து இதுதான்.

5/ அடுத்து சுகமாடெக்ஸ். ஐரோப்பாவில் 2008, அமெரிக்காவில் 2015ல் அனுமதி. ரோக்குரோனியம் போன்ற தளர்த்தி மருந்தை அப்படியே உறை மாதிரிப் பிடிச்சுக்கும், அசிட்டைல்கோலினைத் தொடாது. ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளுதான்னு தனியா சோதிச்சாங்க, கவலைப்படும்படி நீளல. ஆனாலும் அரிதா துடிப்பு சட்டுனு குறைஞ்சு, இதயம் நின்னதும் உண்டு. மருந்துக் குறிப்பிலேயே அந்த எச்சரிக்கை இருக்கு.

6/ "ஆபரேஷன் முடிஞ்சிருச்சுன்னாங்க, ஏன் இன்னும் வெளியே கொண்டு வரல?"ன்னு வாசல்ல தவிப்பீங்க. உள்ளே ஒருத்தர் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காம நிக்கிறார். அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான்.