சிதைவும் மீட்பும்: பம்பாயில் கட்டப்பட்ட 'டிரிங்கோமாலி' போர்க்கப்பலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

திருகோணமலையின் பெயரைத் தாங்கி, மலபார்த் தேக்கினால் பம்பாயில் கட்டப்பட்டு, 1817ஆம் ஆண்டு கடலில் இறக்கப்பட்ட 'டிரிங்கோமாலி' என்னும் பாய்மரப் போர்க்கப்பல் இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. பழைய இரும்பு விலைக்கு விற்கப்படும் நிலை வரை சென்ற இக்கப்பல் இருமுறை மீட்கப்பட்டது. அதன் நெடுவாழ்வுக்கான காரணங்களையும், புதுப்பித்தலின்போது எழும் வரலாற்றியல் வினாக்களையும், அதன் மரத்தில் பொதிந்துள்ள தென்னிந்திய வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கப்பல் கட்டுதல், மலபார்த் தேக்கு, வாடியா குடும்பம், மரபுச்சின்னப் பாதுகாப்பு, திருகோணமலை.

முன்னுரை

கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவற்றின் பாதுகாப்புக் குறித்துத் தமிழில் கணிசமான ஆய்வுகள் உள்ளன. கலங்களின் பாதுகாப்பு அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. கல் கட்டடத்தைக் கைவிட்டால் அது மெல்லவே சிதையும். மரக்கலத்தைக் கைவிட்டால் சில பத்தாண்டுகளில் அதன் சுவடே எஞ்சாது. ஆகவே இரு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும் ஒரு மரக்கலம், அது எவ்வாறு நிலைத்தது என்ற வினாவைத் தானே எழுப்புகிறது. அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் உள்ளது.

1. மரமும் தச்சும்

நெப்போலியப் போர்க்காலத்தில் பிரிட்டனில் கப்பல் கட்டுவதற்கேற்ற ஓக் மரத்திற்குப் பெரும் பற்றாக்குறை ஏற்பட்டது. இதனால் பிரிட்டிஷ் கடற்படை பம்பாய்க் கப்பல்துறையை நாடியது. 1736இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியாவின் வழிவந்த பார்சித் தச்சர்கள் அத்துறையில் தலைமை தாங்கினர். 'மிண்டன்' (1810), 'கார்ன்வாலிஸ்' (1813), 'வெல்லெஸ்லி' (1815) முதலிய பெருங்கப்பல்கள் அவர்களின் கைவண்ணமே.

'லீடா' வகை ஃபிரிகேட் கப்பல் ஒன்றைக் கட்டுவதற்கான ஆணை 1812இல் பிறந்தது. அதன் வரைபடங்களைச் சுமந்து வந்த 'ஜாவா' என்னும் கப்பல், அவ்வாண்டு டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' கப்பலிடம் தோற்று அழிந்தது. வரைபடங்களை மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று. அதனால் 1816இல்தான் ஏரா இடப்பட்டது. பார்சி மரபுப்படி அதில் வெள்ளி ஆணி ஒன்று அறையப்பட்டது. ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியாவின் மேற்பார்வையில் உருவான கப்பல் 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கப்பட்டது.

1782 செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு அப்பால் பிரெஞ்சு, பிரிட்டிஷ் கடற்படைகளுக்கிடையே நிகழ்ந்த போரின் நினைவாகக் கப்பலுக்குப் பெயர் இடப்பட்டது என்பர். அப்போருக்குச் சில நாள்களுக்கு முன்னர் பிரெஞ்சுப் படை திருகோணமலையைக் கைப்பற்றியிருந்தது. போருக்குப் பின்னும் பிரிட்டிஷாரால் அதனை மீட்க இயலவில்லை. 1795இல் டச்சுக்காரரிடமிருந்தே அத்துறைமுகம் பிரிட்டிஷார் வசமாயிற்று.

2. பயன்பாடும் கைவிடலும்

1819 ஏப்ரலில் போர்ட்ஸ்மத் வந்தடைந்தபோது, எந்தப் போருக்காகக் கட்டப்பட்டதோ அந்தப் போர் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே கப்பல் சேமக் கலமாக ஒதுக்கப்பட்டுச் சுமார் கால் நூற்றாண்டு கட்டிவைக்கப்பட்டது. 1845இல் தொடங்கிய மாற்றங்களால் அதன் பீரங்கிகள் 26ஆகக் குறைக்கப்பட்டன. பின்னணியத்தின் வடிவமும் மாறியது. 1847 முதல் 1857 வரையில் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடற்பகுதிகளிலும் பின்னர்ப் பசிபிக் கடற்பகுதியிலும் பணியாற்றியது. 1860களில் பயிற்சிக் கலமாயிற்று. 1897இல் உடைப்பதற்கென விற்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூன் மாதம், நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்த 'ஃபூத்ரோயன்' பிளாக்பூல் கரையில் புயலில் சிக்கிச் சிதைந்தது. அதன் உரிமையாளர் ஜெஃப்ரி வீட்லி காப் அதற்கு மாற்றாக 'டிரிங்கோமாலி'யை வாங்கிப் பழுதுபார்த்து, இழந்த கப்பலின் பெயரையே அதற்குச் சூட்டினார். இது முதல் மீட்பு. பழைய பெயரை இழந்து உயிர் பெற்ற கப்பல், 1986 வரை இளையோர் பயிற்சிக் கலமாக விளங்கியது.

இங்கு ஓர் ஒப்பீடு இன்றியமையாதது. 1805இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றப்பட்ட 'இம்ப்ளாக்கபிள்' என்னும் கப்பலும் காப்பின் பொறுப்பில் இருந்தது. பயிற்சிக் கலமாகவும் பயன்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய பொருள்நெருக்கடியில் அதைப் புதுப்பிக்க நிதி கிடைக்கவில்லை. 1949 டிசம்பர் 2 அன்று, இருநாட்டுக் கொடிகளும் பறக்க, அது கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதன் பின்னணியச் சிற்பப்பகுதி கிரீன்விச் அருங்காட்சியகத்தில் எஞ்சியுள்ளது. ஒரே புரவலரின் ஆதரவைப் பெற்ற இரு கப்பல்களில் ஒன்று அழிந்து மற்றொன்று நின்றதை நோக்க, பழமையும் புகழும் மட்டும் ஒரு கலத்தைக் காப்பதில்லை என்பது புலனாகிறது. அளவாற் சிறியதாகவும், பேணும் செலவு குறைந்ததாகவும், கட்டிய மரம் உறுதியானதாகவும் இருத்தல் 'டிரிங்கோமாலி'க்குத் துணைநின்றது எனக் கருதலாம்.

3. ஹார்ட்டில்பூல் மீட்பு

1987இல் கப்பல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. 'வாரியர்' என்னும் இரும்புப் போர்க்கப்பலை அந்நகரத் தொழிலாளர்கள் 1979 முதல் 1987 வரை புதுப்பித்து முடித்திருந்த வேளை அது. கப்பல் தொழில் நலிந்த நகரில் அக்கைத்திறன் சிதறிப்போகாமல் தொடர இரண்டாம் பணி வாய்ப்பளித்தது. 1990இல் தொடங்கிய வேலை 2001இல் நிறைவுற்றது, சுமார் 1.05 கோடி பவுண்டு செலவாயிற்று. 1992இல் 'டிரிங்கோமாலி' என்னும் பழைய பெயர் மீண்டும் சூட்டப்பட்டது.

பழுதான பலகையை நீக்கிப் புதுப்பலகை பொருத்துவது தச்சுப்பணி. எதை நீக்குவது, எதை விடுவது என முடிவெடுப்பது வரலாற்றுப்பணி. இக்கப்பலுக்கு ஒரே ஒரு 'மூல வடிவம்' இல்லை. 1817இன் ஃபிரிகேட், 1847இன் 26 பீரங்கிக் கலம், 1860களின் பயிற்சிக் கலம், 20ஆம் நூற்றாண்டின் 'ஃபூத்ரோயன்' என நான்கு நிலைகளை அது கண்டிருக்கிறது. பாய்மரங்களும் பீரங்கிகளும் கொண்ட போர்க்கலமாக அதைக் காட்டத் துணிந்தபோது, அது கண்ட கடைசி நிலை பின்னுக்குத் தள்ளப்பட்டது. போர்க்கலமாகக் கடலில் தீவிரமாக இயங்கிய காலம் ஏறத்தாழப் பத்தாண்டுகளே. பயிற்சிக் கலமாக வாழ்ந்ததோ நூறாண்டுக்கும் மேல். ஆயினும் நினைவில் நிறுத்தப்பட்டது முன்னதே. கோயில் திருப்பணிகளில் பிற்காலக் கட்டுமானங்களை அகற்றுவது குறித்து எழும் விவாதங்களோடு இது ஒப்புநோக்கத் தக்கது.

4. மரம் என்னும் சான்று

புதுப்பித்தலுக்குப் பின்னும் உடற்பகுதியின் மரத்தில் 60 விழுக்காட்டிற்கு மேல் பழைய மரமே எஞ்சியுள்ளது. இத்தகைய நிலைப்பு தேக்கின் இயல்பால் வாய்த்தது. தேக்கில் இயற்கையாக அமைந்த எண்ணெய்ப்பசை நீரையும் பூச்சிகளையும் தடுக்கிறது. ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பாணிகளை அரிக்கும். தேக்கில் அத்தீங்கு மிகக் குறைவு.

அம்மரம் வந்த வழியும் வரலாற்றுக்கு உரியது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாகிப் பின்னர்ச் சென்னை மாகாணத்தில் சேர்க்கப்பட்ட மலபாரில், 1806இல் கேப்டன் வாட்சன் காட்டுக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். கப்பல் மரத்தைத் திரட்டுவதே அப்பதவியின் நோக்கம். தேக்கு வணிகம் கம்பெனியின் தனியுரிமையாயிற்று. காட்டு உரிமையாளரும் மர வணிகரும் இதனால் நலிவுற்றனர். அவர்களின் எதிர்ப்பு வலுக்கவே, சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோவின் காலத்தில், 1823இல் அப்பதவி நீக்கப்பட்டது. 1840களில் மலபார் ஆட்சியர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைக்க நேர்ந்தது, இயற்கைத் தேக்கு எவ்வளவு அருகிவிட்டது என்பதைக் காட்டும். 'டிரிங்கோமாலி' கட்டப்பட்ட ஆண்டுகள் இத்தனியுரிமைக் காலத்தின் நடுவில் அமைகின்றன. ஆகவே கப்பலின் வங்குகளும் பலகைகளும் கடற்படை வரலாற்றுக்கு மட்டுமன்றி, மலபார்க் காட்டு வரலாற்றுக்கும் முதன்மைச் சான்றாகின்றன. மரத்தின் ஆண்டு வளையங்களும் தச்சுக்குறிகளும் ஆவணங்களோடு இணைத்து ஆராயப்படின், அக்காடுகளின் பழைய நிலை குறித்துப் புதிய செய்திகள் கிட்டக்கூடும்.

முடிவுரை

இன்று நீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுள் 'டிரிங்கோமாலி'யே மிகப் பழமையானது. மிதக்கும் போர்க்கப்பல்களுள் அதனினும் மூத்ததாகக் கூறப்படுவது, பாஸ்டனில் நிற்கும் 'கான்ஸ்டிடியூஷன்' ஒன்றே. அதன் முதல் வரைபடங்களை இழக்கச் செய்த அதே கப்பல்.

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, ஒரு கலத்தின் நிலைபேறு அதன் போர்ப்புகழைவிடத் தொடர்ந்த பயன்பாட்டையும் மரத்தின் தன்மையையும் சார்ந்தது. இரண்டாவது, புதுப்பித்தல் என்பது பல காலங்களுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விலக்கும் செயல். விலக்கப்பட்டவை ஆவணப்படுத்தப்படாவிடின் மீட்பே ஒருவகை இழப்பாகும். மூன்றாவது, கப்பலின் பெயர் ஈழத்துத் துறைமுகத்தினது, மரம் மலபாரினது, தச்சு பம்பாயினது. அதனைப் பிரிட்டிஷ் கடற்படையின் மரபுச்சின்னமாக மட்டும் வாசிப்பது குறைவாசிப்பு. மரம் வெட்டியவர்களின் பெயர்களும் பலகை இழைத்தவர்களின் பெயர்களும் நினைவுப் பலகைகளில் இடம்பெறவில்லை. அவர்களின் உழைப்போ இன்னும் நீரில் மிதக்கிறது. அவ்வுழைப்பை வரலாற்றில் சேர்ப்பது தென்னிந்திய, ஈழத்து ஆய்வாளர்களின் கடமையாகும்.