தட்டச்சு முதல் டேலி வரை: பென்னாகரத்தில் அலுவலகக் கணினிக் கல்வி

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பில் அதன் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே இதுதான் மிகக் குறைவு. இத்தகைய மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஒகேனக்கல் சாலையில் இருக்கும் பென்னாகரத்துக்கு அலுவலகக் கணினி எப்படி வந்தது? கணினி மீதான வியப்பு அதைக் கொண்டுவரவில்லை. அரசுத் தேர்வும் பள்ளிப் பாடமும் வரிச் சட்டமும் கொண்டுவந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் வழி அரசுத் தேர்வு; அதன் அடித்தளம் தட்டச்சுதான். யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையை வடிவமைத்தார். 1955 முதல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறிகளைச் செய்தது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் 'லோயர்', 'ஹையர்' நிலைகளை முடித்தவருக்கு அரசு வேலையில் தனி மதிப்பு. அதே இயக்ககம்தான் பின்னர் அலுவலகத் தானியக்கக் கணினிச் சான்றிதழ்த் தேர்வையும் நடத்தத் தொடங்கியது. தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளுக்கு இச்சான்றிதழ் கட்டாயம். இல்லாமல் பணியில் சேர்பவர் தகுதிகாண் பருவத்துக்குள் பெற்றாக வேண்டும். இவ்வாறு கிராமத்து இளைஞருக்குச் சொற்செயலியும் விரிதாளும் அரசு வேலையின் படிகளாகவே அறிமுகமாயின.

தமிழில் தட்டுவதில் குழப்பம் நீடித்தது. 1999இல் அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. பழைய தட்டச்சு முறையில் பழகிய விரல்கள் எளிதில் மாறவில்லை. எழுத்துருக் குறியீட்டுக் குழப்பத்துக்குத் தீர்வாக 2010இல் ஒருங்குறி அரசின் தரமானது.

இரண்டாவது வழி பள்ளி. மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல் ஒருகாலத்தில் ஸ்டார் ஆபீஸைக் கற்பித்தது. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல் ஓப்பன் ஆபீஸுக்கு மாறியது. உரிமக் கட்டணம் இல்லாத மென்பொருளை ஏழை மாவட்டத்துப் பள்ளிக்குக் கொடுத்தது நல்ல முடிவு. ஆனால் கடையிலும் கணக்கர் அலுவலகத்திலும் மாணவர் பெரும்பாலும் சந்திப்பது எம்.எஸ். ஆபீஸை. கருத்தைப் புரிந்து படித்தவருக்கு இது தடையல்ல. பட்டன் எங்கே இருக்கிறது என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் தடுமாறுவார்.

வணிகத்தை உண்மையில் அசைத்தது வரி. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 அன்று மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரியும் வந்தன. இரண்டாவது வரியின் பதிவும் கணக்குத் தாக்கலும் இணையத்தில்தான். பதிவு செய்த மளிகை, ஜவுளி, ஹார்டுவேர் கடைக்காரர் நோட்டுக் கணக்கோடு நிற்க முடியாமல் போனது. 1986இல் பெங்களூரில் கோயங்கா குடும்பம் தொடங்கிய நிறுவனத்தின் கணக்குப்பதிவு மென்பொருளான டேலி, வேலை தேடும் வணிகவியல் மாணவர் கற்றாக வேண்டியதாயிற்று. 2019இல் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலிலும் டேலி தனி அலகாக இடம்பெற்றது. என் மதிப்பீட்டில், முந்தைய இரு வழிகளையும்விட இதுவே ஆழமானது: இங்கேதான் கற்றது அன்றே கடைக்குப் பயன்படுகிறது.

குறை ஒன்று மிஞ்சுகிறது. பயிற்சித் தாள்களில் வரும் சரக்கும் கணக்கும் இந்த ஊருடையவை அல்ல. பென்னாகரத்து ஆசிரியர்கள் புளி, நிலக்கடலை, பட்டுக்கூடு ஆகியவற்றின் கொள்முதலையும் விற்பனையையும் வைத்தே விரிதாள் கற்பிக்க வேண்டும். பாடநூல் குழுவும் மாவட்டந்தோறும் இத்தகைய தாள்களைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும்.