லூவஸ்டைன் கோட்டையும் சிறுவர் கேட்கும் கேள்விகளும்

கோட்டையை நம் முன்னோர் இரு நிலைகளில் நின்று பார்த்தனர். மதிலை வளைத்து முற்றுவோன் உழிஞை சூடினான். மதிலுக்குள் நின்று காப்போன் நொச்சி சூடினான். புறப்பொருள் வெண்பாமாலை இவ்விரண்டையும் தனித்தனித் திணைகளாகவே வகுத்துரைக்கின்றது. கொள்ளவும் வாராமல் காக்கவும் வாராமல், காண்பதற்கென்றே கோட்டைக்குள் நுழையும் மூன்றாமவர் பிற்காலத்தவர். ஐரோப்பாவின் பழங்கோட்டைகளுக்கு இன்று வரும் அம்மூன்றாமவருள் பலர், பெற்றோரின் கைபற்றி நடக்கும் சிறுவர்கள். வாளையும் கவசத்தையும் காணும் ஆவலோடு அவர்கள் வருகின்றனர். நெதர்லாந்து நாட்டின் லூவஸ்டைன் கோட்டையிலோ அவர்கள் நெஞ்சில் நிற்பது ஒரு மரப்பெட்டி.

மாஸ் ஆறும் வால் ஆறும் கூடுமிடத்தில் நிற்கும் இக்கோட்டை, நம் மரபுச் சொல்லால் கூறின் ஒரு நீரரண். எதிர்க்கரைகளில் கோர்க்கம், வவுட்ரிக்கெம் என்னும் மதில் சூழ்ந்த சிறுநகரங்கள் உள்ளன. அங்கிருந்து படகில் வருவோர்க்கு மரங்களுக்கு மேலாகச் செங்கற் சுவர்களும் கூரிய கூரைகளும் தோன்றும். 14ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இதனை எழுப்பியவர் டிர்க் லூஃப் வான் ஹோர்ன் என்னும் பிரபு. அவர் பெயரே கோட்டைக்கும் ஆயிற்று. 1570 டிசம்பரில் ஹெர்மன் டி ரூய்ட்டர் என்பவர் சில வீரரோடு இதனைக் கைப்பற்றி, ஸ்பானியப் படை திரும்பி வந்து தாக்கியபோது சில நாட்களுக்குள் உயிர் துறந்தார். பின்னாளில், நிலத்தை நீரால் மூழ்கடித்துப் பகைவரைத் தடுக்கும் ஒல்லாந்து நீர்க்காப்பு வரிசையில் இக்கோட்டையும் ஓர் உறுப்பாயிற்று. அவ்வரிசை 2021ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. எனினும், போரால் வந்த புகழினும் சிறையால் வந்த புகழே லூவஸ்டைனுக்கு மிகுதி.

சிறைப்பட்டவர் ஹியூகோ குரோஷியஸ். 1583இல் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். எட்டு வயதில் இலத்தீனில் கவி புனைந்தவர். பதினோராம் வயதில் லைடன் பல்கலைக்கழகம் புகுந்தவர். 1601இல் இவர் இயற்றிய இலத்தீன் நாடகம், ஆதாம் ஏதேனை விட்டு நீங்கிய கதையைப் பொருளாகக் கொண்டது. மில்டனின் காவியத்தை ஆராய்வோர் அந்நாடகத்தையும் உடன் வைத்து நோக்குவது வழக்கம். இப்புலவர் அரசியலில் இறங்கியபோது நாடு இரு சமயக் கட்சிகளாகப் பிளவுற்றிருந்தது. மனிதனின் மீட்சி முன்னரே விதிக்கப்பட்டதா, அவனது விருப்பத்திற்கும் அதில் இடமுண்டா என்னும் வாதம், இளவரசர் மோரிஸுக்கும் மூத்த அமைச்சர் ஓல்டன்பார்னவெல்ட்டுக்கும் இடையேயான அதிகாரப் போட்டியோடு பின்னிக்கொண்டது. 1619 மே 13ஆம் நாள் முதியவரான அமைச்சர் தலை வெட்டப்பட்டு மாண்டார். அவர் பக்கம் நின்ற குரோஷியஸுக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் அவர் லூவஸ்டைனுக்குக் கொண்டுவரப்பட்டார்.

அவர் மனைவி மரியா வான் ரைகர்ஸ்பெர்க் தம் குழந்தைகளோடு கணவரின் சிறைக்குள் குடிபுகுந்தார். கைதியின் உணவிற்காக அரசு தர முன்வந்த படியை ஏற்க மறுத்துத் தம் சொந்தப் பொருளிலேயே குடும்பத்தை நடத்தினார் என்பர். குரோஷியஸ் கற்பதற்கு வேண்டிய நூல்கள் லைடனிலிருந்து, அரபு மொழி அறிஞர் எர்ப்பேனியஸின் உதவியால், கோர்க்கம் வழியாகப் பெட்டியில் வந்தன. படித்து முடித்தவை அதே பெட்டியில், அழுக்குத் துணிகளோடு திரும்பின. தொடக்கத்தில் காவலர் பெட்டியைத் திறந்து துருவிப் பார்த்தனர். எத்தனை முறை திறந்தாலும் உள்ளே நூலும் துணியுமே இருக்கக் கண்டு நாளடைவில் சலித்து விட்டுவிட்டனர். அச்சலிப்பை மரியா கவனித்தார். கால்நீட்ட இடமில்லாத அப்பெட்டிக்குள் அசைவின்றி முடங்கிக் கிடக்கக் கணவரைப் பழக்கினார்.

கோட்டைத் தலைவர் ஊரிலில்லாத ஒரு நாள், 1621 மார்ச் 22, தேர்ந்துகொள்ளப்பட்டது. பெட்டியோடு துணைக்குச் செல்லப் பணிப்பெண் எல்ஷெ வான் ஹவுவெனிங் இசைந்தாள். அதற்கு முந்தைய இரவு உணவு வேளையில், திட்டம் எதுவும் அறியாத மகள் கொர்னேலியா தந்தையை உற்றுநோக்கி, வானிலை எவ்வாறிருப்பினும் நாளை அப்பா கோர்க்கம் போயாக வேண்டும் என்றாளாம். அவளுக்கு அப்போது வயது ஒன்பது. பெற்றோர் திடுக்கிட்டனர் என்று செவிவழிச் செய்தி கூறுகின்றது. மறுநாள் பெட்டியைத் தூக்கிய வீரர்கள் கனம் மிகுதியென்று முணுமுணுத்தனர். அதற்கு ஏற்ற விடை கூறி, படகில் ஏற்றி, ஆற்றைக் கடந்து கோர்க்கத்தில் ஒரு வணிகரின் வீட்டில் பெட்டியைச் சேர்த்தவள் எல்ஷெ. அங்கே வெளிவந்த குரோஷியஸ் கொத்தனார் வேடம் பூண்டு, கையில் அளவுகோலுடன் தெருவில் நடந்து மறைந்தார். ஆண்ட்வெர்ப் வழியாகப் பாரிஸ் சேர்ந்தார். போரும் அமைதியும் பற்றிய சட்டத்தை ஆராய்ந்து அவர் எழுதிய பெருநூல் 1625இல் அங்கே வெளிவந்தது. கோட்டையிலேயே தங்கிவிட்ட மரியாவையும் அரசு நெடுங்காலம் வைத்திருக்க இயலாமல் விடுவித்தது.

இக்கதையைக் கேட்ட சிறுவர் முதலில் எழுப்பக்கூடிய வினா, இதுதானா அந்தப் பெட்டி என்பது. விடை எளிதன்று. ஆம்ஸ்டர்டாமின் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பெட்டி உண்டு. டெல்ஃப்ட் நகரின் பிரின்சன்ஹோஃப் காட்சித் தொகுப்பில் மற்றொன்று உண்டு. லூவஸ்டைனும் ஒன்றைக் காட்டுகின்றது. மூன்றும் ஒருசேர மெய்யாதல் இயலாது. இதனைச் சிறுவரிடம் மறைப்பதில் பயனில்லை. வரலாறு என்பது கேட்டதை ஒப்புவிப்பது மட்டுமன்று, சான்றுகளை நிறுத்துப் பார்ப்பதும் ஆகும் என்னும் பாடத்தை ஒரு குழந்தைக்கு இம்மூன்று பெட்டிகளைப் போல் எளிதாக விளக்கவல்ல பாடநூல் அரிது. பெட்டியில் ஐயமுண்டு, தப்பியதில் ஐயமில்லை. இவ்வேறுபாடு ஒரு குழந்தைக்கு எட்டாததன்று.

அந்தக் குழந்தைகள் இங்கே என்ன செய்தார்கள் என்பது அடுத்த வினா. கற்றார்கள் என்பதே விடை. சிறைப்பட்டிருந்த காலத்தில் கொர்னேலியாவுக்காகத் தந்தை ஞானமுழுக்குப் பற்றி ஒரு வினாவிடை நூல் எழுதினார். கடலோடிகளுக்காகச் சமய உண்மைகளைத் தாய்மொழிச் செய்யுளில் பாடினார். தம் மைந்தரின் சட்டக் கல்வியை மனத்திற்கொண்டு ஒல்லாந்துச் சட்டவியலுக்கு ஓர் அறிமுக நூல் இயற்றினார். அறிஞர் மொழி இலத்தீனாக இருந்த அக்காலத்தில் இந்நூலைத் தாய்மொழியிலேயே எழுதி, வேண்டிய கலைச்சொற்களையும் அம்மொழி வேரிலிருந்தே ஆக்கிக்கொண்டார். தமிழில் கலைச்சொல் காண முயன்றோர்க்கு அவ்வுழைப்பின் அருமை விளங்கும்.

1631இல் அச்சேறிய அந்நூல் கடல் கடந்தது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். அவர்களோடு வந்த உரோம-டச்சுச் சட்டத்தை 1799ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தம் பிரகடனத்தால் தொடரவிட்டனர். தேசவழமை முதலிய தனிச்சட்டங்களும் பிற்காலச் சட்டங்களும் தொடாத இடங்களில் இன்றும் இலங்கையின் பொதுச்சட்டம் அதுவே. அச்சட்டத்தின் மூலநூல்களுள் ஒன்று, தன் பிள்ளைகளுக்கென்று ஒரு கைதி சிறையறையில் இயற்றியது. 1609இல் வெளிவந்த தம் கடலுரிமை நூலில், தப்ரபேன் எனப் பண்டையோர் வழங்கிய அதே ஈழத்தீவின் மீது போர்ச்சுக்கீசியர்க்கு ஆட்சியுரிமை இல்லை என்று வாதிட்டவரும் அவரே. அவ்வாதத்தால் பயனடைந்த ஒல்லாந்த வணிகக் குழுமம் பின்னர் அதே தீவில் தன் கோட்டைகளை எழுப்பியது என்பதையும் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுதல் முறையாகாது.

எல்லோரும் தப்பினார்களா என்பது மூன்றாம் வினா. கதை சொல்வோர் பலரும் அதற்கு முன்பே கதையை முடித்துவிடுவர். குரோஷியஸோடு அதே தண்டனை பெற்று அதே கோட்டைக்கு வந்தவர் ரொம்பவுட் ஹோகர்பேட்ஸ் என்னும் சட்ட அறிஞர். அவர் மனைவி ஹில்லகொண்டாவும் கணவரோடு சிறையிலிருந்து, 1620இல் அங்கேயே இறந்தார். ஹோகர்பேட்ஸை ஏற்றிச் செல்லப் பெட்டி எதுவும் வரவில்லை. நண்பர் நீங்கிய பின்னும் நான்காண்டுகள் மதிலுக்குள் கிடந்து, இளவரசர் மோரிஸ் மறைந்த 1625ஆம் ஆண்டில் வெளியே விடப்பட்டு, அவ்வாண்டே அவரும் மறைந்தார்.

2006ஆம் ஆண்டு பள்ளிகளுக்கென வகுக்கப்பட்ட நெதர்லாந்து வரலாற்றின் ஐம்பது தலைப்புகளுள் குரோஷியஸ் இடம் பெற்றார். அது தகும். அவர் தப்பிய கதையைப் புலவர் வொண்டல் மரியாவை முன்னிறுத்திப் பாடினார். அதுவும் தகும். எல்ஷெ ஒரு பணிப்பெண். ஆயினும் அவள் பெயரும் அழியாமல் நின்றது. ஹோகர்பேட்ஸின் அறையைத் தேடிக் கேட்போர் சிலரே. பெட்டிக்குள் ஒரு மனிதர் எவ்வாறு மூச்சுவிட்டார் என்று வியக்கும் குழந்தையை, வியப்பு அடங்கியதும் அந்த மற்றோர் அறைக்கும் அழைத்துச் செல்லும் பெற்றோரே கோட்டையை முழுமையாகக் காட்டியவர் ஆவர். தப்பியவரின் கதையால் குழந்தை மகிழும். தப்பாதவரின் கதையால்தான் அது சிறையென்பதை அறியும்.