ஒரு வரியில் வானம்

"வி.சி.பி.ஐ. 121030இசட் 24012கே.ரி. 4000 ரி.எஸ்.ஆர்.ஏ. எவ்.ஈ.டபிள்யூ.016சி.பி. பி.கே.என்.080 27/26 கியூ1008."

இதைக் கேட்ட நேயர்கள் வானொலி பழுதாகிவிட்டதோ என்று ஐயுற வேண்டாம். இது விமானிகள் நாள்தோறும் வாசிக்கும் 'மெற்றார்' என்னும் வானிலை அறிக்கையின் வடிவம். உதாரணத்துக்காக நான் அமைத்த வரிதான். எனினும் கட்டுநாயக்கவில் ஒரு பிற்பகலில் இத்தகைய வரி வெளிவருவதில் வியப்பேதும் இல்லை.

பதம் பிரித்துப் பார்ப்போம். முதல் நான்கு எழுத்துகள் விமான நிலையத்தின் பெயர். 'வி' தென்னாசியப் பகுதியையும், 'சி' இலங்கையையும் குறிக்கும். சிலோன் என்ற பெயரை 1972 ஆம் ஆண்டிலேயே நாடு கைவிட்டுவிட்டது. விமானிகளின் ஏட்டில் மட்டும் அந்தச் 'சி' இன்னும் குடியிருக்கிறது. பலாலிக்குரிய குறியீடு வி.சி.சி.ஜே. அடுத்து வருவது, மாதத்தின் பன்னிரண்டாம் நாள், உலகப் பொது நேரம் பத்தரை மணி என்பது. நமக்கு அது மாலை நான்கு மணி. 240 பாகைத் திசையிலிருந்து 12 நொட்ஸ் வேகத்தில் காற்று வீசுகிறது. கண்ணுக்கு எட்டும் தூரம் 4000 மீற்றர். இடியுடன் மழை பெய்கிறது. 1600 அடி உயரத்தில் சிறிதளவு இடிமுகில். 8000 அடியில் வானத்தின் பெரும்பகுதியை மூடிய முகில். வெப்பநிலை 27 பாகை, பனிபடுநிலை 26. வளியமுக்கம் 1008 ஹெக்டோபஸ்கால்.

காற்றின் திசையில் புதிதாகப் பயில்பவர் தடுமாறுவது உண்டு. 240 என்பது காற்று போகும் திசையன்று. அது வரும் திசை. நமக்கு இதில் தடுமாற இடமில்லை. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று பிறந்த இடத்தாலேயே காற்றுக்குப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். சோளகம், கச்சான் என்று நம் கடற்றொழிலாளர் சொல்லும் பெயர்களும் அவ்வழி வந்தவையே. திசையையும் பருவத்தையும் ஒரே சொல்லில் அடக்கிய அந்தச் சிக்கனத்தைத்தான் விமானியின் ஐந்து இலக்கங்களும் நாடுகின்றன.

கடைசியில் நிற்கும் அமுக்கம் அற்பமான செய்தி போலத் தோன்றும். ஆனால் உயிர் தங்கியிருப்பது அதிலேதான். விமானத்தின் உயரமானி உண்மையில் ஓர் அமுக்கமானி. ஒரு ஹெக்டோபஸ்கால் பிழைத்தால் ஏறத்தாழ முப்பது அடி பிழைக்கும். 1008 என்று வந்த செய்தியை 1018 என்று வாசித்துக் கருவியைத் திருத்திய விமானி, தான் இருக்கும் இடத்தை ஏறத்தாழ முந்நூறு அடி மேலாகக் கருதிக்கொள்வான். முகிலுக்குள் மலைப்பக்கமாக இறங்கும்போது அந்த முந்நூறு அடிதான் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான தூரம்.

இவ்வளவு உயிராபத்தான செய்தியை ஏன் இப்படிக் குறுக்கவேண்டும்? விடை, விமானம் பிறப்பதற்கு முன்பே இருக்கிறது.

பிரித்தானியக் கடற்படையின் பிரான்சிஸ் போபோர்ட் 1806 ஆம் ஆண்டில் காற்றின் வலிமையை எண்களாகவும், வானத்தின் நிலையைத் தனி எழுத்துகளாகவும் தம் நாட்குறிப்பில் எழுதத் தொடங்கினார். நீல வானுக்கு ஓர் எழுத்து, மழைக்கு ஓர் எழுத்து. அது ஒரு மாலுமியின் சொந்த வசதி. 1844 இல் மோர்ஸின் தந்தி வந்ததும் நிலைமை மாறியது. புயலைவிட வேகமாகச் செய்தி ஓடலாம் என்பதை மனிதன் முதன்முறையாகக் கண்டான். ஆனால் தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. எண்களை ஐந்தைந்தாகச் சேர்த்து அனுப்பினால் ஐந்தும் ஒரு சொல்லாகக் கணக்கிடப்படும். வானிலைக் குறியீடுகள் ஐந்திலக்கக் கூட்டங்களாக அமைந்ததில் விஞ்ஞானத்துக்குள்ள பங்கைவிடக் கட்டணப் பட்டியலுக்குள்ள பங்கு குறைந்ததன்று.

இந்தத் தந்திச் செய்திகளின் பயனை உலகம் பிணங்களை எண்ணித்தான் கற்றது. 1854 நொவெம்பர் 14 ஆம் நாள் கிரிமியப் போரின்போது பலக்லாவாவில் வீசிய புயல் பிரித்தானிய, பிரெஞ்சுக் கப்பல்களைச் சிதறடித்தது. அதன் பின்னரே பாரிசிலிருந்த வானியலாளர் லெ வெரியே தந்தி வழி வானிலைச் செய்திகளைத் திரட்டும் வலையமைப்பை உருவாக்கினார். 1859 ஒக்டோபரில் வேல்ஸ் கரையோரம் 'றோயல் சார்ட்டர்' என்ற கப்பல் உடைந்து நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். டார்வினைச் சுமந்து சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவராயிருந்த றொபேர்ட் பிற்ஸ்றோய், அதன் பின் 1861 பெப்ரவரியில் புயல் எச்சரிக்கைகளை அனுப்பத் தொடங்கினார். அதே ஆண்டு ஓகஸ்ட் முதலாம் நாள் 'ரைம்ஸ்' பத்திரிகையில் முதலாவது பொது வானிலை முன்னறிவிப்பு வெளிவந்தது. அவை பிழைத்தபோது ஏளனத்துக்கு ஆளானார். 1865 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எத்தனையோ மீனவர் குடும்பங்கள் அவருக்குக் கடன்பட்டவை என்பது என் துணிபு.

போர்க்காலத்தில் இந்தச் சுருக்கெழுத்து வேறொரு முகத்தைக் காட்டியது. நாளைய வானத்தை அறிந்தவன் நாளைய தாக்குதலைத் தீர்மானிக்கலாம். ஆகவே வானிலை இரகசியமாயிற்று. ஜேர்மனிய நீர்மூழ்கிகள் வானிலைச் செய்தியை ஒரு சிறு குறியீட்டு நூலின் உதவியால் சில எழுத்துகளாகச் சுருக்கி, அவற்றை எனிக்மா பொறியில் மறைத்து அனுப்பின. 1942 ஒக்டோபர் 30 அன்று கிழக்கு மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559 என்னும் நீர்மூழ்கிக்குள் அன்ரனி பாசன், கொலின் கிறேசியர் என்னும் இரு பிரித்தானியக் கடற்படையினர் இறங்கி அந்த நூலை மேலே கொடுத்தனர். வாங்கிய இளைஞன் ரொமி பிறவுண் தப்பினான். கொடுத்த இருவரும் கலத்தோடு அமிழ்ந்தனர்.

அந்நூல் பிளெச்லி பார்க்கை அடைந்து, டிசெம்பர் 13 அன்று, பத்து மாதமாகப் பூட்டியிருந்த அத்திலாந்திக் நீர்மூழ்கிச் செய்திகளின் மறைவு உடைபட்டது. காரணம் எளிது. நீர்மூழ்கிகள் அனுப்பிய வானிலையை ஜேர்மனியக் கரை நிலையங்கள் இலகுவான வேறொரு மறைகுறியில் மீண்டும் ஒலிபரப்பின. அதைப் பிரித்தானியர் ஏற்கெனவே வாசித்துவந்தனர். சுருக்கும் முறையும் கைக்கு வந்தபின், மறைக்கப்பட்ட செய்தி என்னவாக இருக்கும் என்று ஊகிப்பது கைகூடியது. அளந்து சொல்லும் மொழியில் இந்தப் பலவீனம் உண்டு: வானம் எப்படி இருந்தது என்று அறிந்தவனுக்கு வாக்கியம் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

1944 யூன் 3 இல் நடந்ததையும் சொல்லவேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளக்சொட் என்னுமிடத்துத் தபாலகத்தில் பணிபுரிந்த மொறீன் பிளவின் என்ற இருபத்தொரு வயதுப் பெண், அமுக்கமானி வேகமாக இறங்குவதைக் குறித்து வழக்கம்போல் அனுப்பினார். சரிபார்த்து மறுபடி சொல்லும்படி தொலைபேசியில் கேட்டனர். சரிபார்த்து மறுபடி சொன்னார். நோர்மண்டிப் படையெடுப்பு யூன் 5 இலிருந்து 6 ஆம் திகதிக்கு ஒத்திவைக்கப்பட்டதில் அந்த எண்களுக்குப் பங்கிருந்ததை அவர் அறிந்தது பல ஆண்டுகளின் பின். 2023 டிசெம்பரில் தமது நூறாவது வயதில் அவர் காலமானார்.

போருக்குப் பின் பயணிகள் விமானம் பெருகிற்று. 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோனின் டக்கோட்டா இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தபோது அது வாடைக்காற்றுக் காலம். நாட்டுக்கு நாடு வேறுபட்ட குறியீடுகளோடு இனிக் காலந்தள்ள முடியாது என்ற நிலையில், 1968 இல் மெற்றார் அனைத்துலக வடிவமாயிற்று. அமெரிக்கா தன் பழைய முறையைவிட்டு இதற்கு மாறியது 1996 இல். அப்போதும் அமுக்கத்தை அங்குலத்திலும் பார்வைத் தூரத்தை மைலிலும் சொல்லும் பிடிவாதத்தை விடவில்லை.

தமிழாசிரியனுக்கு இதில் மிகவும் சுவையானது சொல் வரலாறு. ஆங்கிலமே ஆளும் இந்த ஏட்டில் மென்பனிக்குக் குறி 'பி.ஆர்.', பிரெஞ்சு 'புறூம்' என்ற சொல்லின் மிச்சம். புகைக்குரிய 'எவ்.யு.' பிரெஞ்சு 'பூமே'. ஆலங்கட்டிக்குரிய 'ஜி.ஆர்.' அம்மொழியின் 'கிறெல்'. ஆங்கிலம் மட்டும் அறிந்த விமானி இவற்றுக்குப் பொருள் தேடிக் களைத்து, வேடிக்கையான விரிவுகளைக் கற்பித்து மனனம் செய்கிறான். நம் சூத்திரங்களுக்குப் பொருந்தா உரை கண்டவர்களும் இல்லையா? சூத்திரத்துக்காவது உரையாசிரியர் வரும்வரை காத்திருக்கலாம். எரிபொருள் குறைந்த விமானிக்கு அந்த அவகாசம் இல்லை.

இப்போது கணினிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் நீண்ட வடிவமும் வந்துவிட்டது. திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் முழு வாக்கியமாக விரிகிறது. ஆளில்லாத நிலையங்களில் கருவியே அவதானித்து எழுதுகிறது. விழுவது மழையா, உறைபனியா, வேறேதேனுமா என்று அதற்குப் புலப்படாதபோது இடுவதற்கென்றே 'யு.பி.' என்னும் குறி உண்டு: இன்னதென்று அறியப்படாத ஏதோ ஒன்று வானிலிருந்து விழுகிறது.