கடல்கோளும் பள்ளிப் பாடமும்

தமிழர்க்குக் கடல்கோள் புதிய செய்தியன்று. பஃறுளியாறும் குமரிமலையும் கடலுள் மறைந்ததைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. புகார் நகரைக் கடல் கொண்டதற்கு, இந்திரவிழா மறந்ததே காரணமென மணிமேகலை கூறுகிறது. அழிவை நினைந்து இரங்க வைக்கும் இவ்விலக்கியங்களில், அழிவினின்று தப்பும் வழி சொல்லப்படவில்லை. அதனைப் பிள்ளைகட்குச் சொல்லிவைத்த மக்களும் உலகில் உண்டு.

சுமத்திராவை அடுத்த சிமெலூ தீவை 1907-இல் பேரலை தாக்கிப் பலரைக் கொன்றது. எஞ்சியோர் அதனை ‘ஸ்மோங்’ என்றழைத்து, நிலம் வலிதாக அதிர்ந்து கடல் பின்வாங்கின் குன்றுக்கு ஓடவேண்டும் என்பதைக் கதையாகவும் பாட்டாகவும் வழிவழி கற்பித்தனர். 2004 டிசம்பர் 26-இல் பேரலை மீண்டும் வந்தபொழுது, ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் மாண்டோர் எழுவரே. அதே நாளில் புக்கெட் தீவில், பூகோள வகுப்பில் சுனாமியைப் பற்றிக் கற்றிருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, கடல் நுரைத்ததைக் கண்டு எச்சரித்துக் கடற்கரையில் இருந்தோரைக் காத்தாள்.

கெடாவின் நிலையோ வேறு. அன்று காலை 9 மணியளவில் சுமத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. பேரலை கோத்தா கோலா மூடாவை அடைந்தது நண்பகலுக்குப் பின்னரே. இடையே மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தும், எச்சரிப்பார் இல்லை. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். பினாங்கில் மாண்டோருள் விடுமுறைக்குக் கடற்கரை சென்றோரும் இருந்தனர். 2005-இல் நாட்டில் சுனாமி எச்சரிக்கை அமைப்பு நிறுவப்பட்டது. எனினும், சங்கொலி எதற்கென்று அறியாத பிள்ளைக்கு அதனால் பயன் என்ன?

பீடோங் கடலோரத்து ஊரன்று. ஆயினும் கோலா மூடா மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து மெர்டேக்கா கடற்கரை தொலைவன்று. எனவே தோட்டத்துப் பிள்ளைகட்கும் இப்பாடம் உரியதே. சிமெலூவின் பாடத்தை அப்படியே எடுத்தாளுதல் மட்டும் பொருந்தாது. சுமத்திராவுக்கு அப்பால் எழும் அதிர்ச்சி, கெடாவை எட்டும்போது வலிமை குன்றிவிடும். நில அதிர்வை எதிர்பார்த்து நிற்கலாகாது. ஆதலின் இங்குச் சிறாருக்குக் கற்பிக்கத்தக்கவை மூன்று:

கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலோ, பொங்கி நுரைத்தாலோ, எச்சரிக்கைச் சங்கு ஒலித்தாலோ, கரையை விட்டு மேட்டுக்கு விரைதல்.

நீர் வற்றிய இடத்தில் மீனும் சிப்பியும் பொறுக்க நில்லாமை.

முதல் அலை ஓய்ந்ததும் திரும்பாமை. பின்வரும் அலை அதனினும் பெரிதாகலாம்.

புகார் அழிந்த கதையைச் சொல்லும் தமிழாசிரியர், இம்மூன்றையும் சேர்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆண்டுதோறும் சொன்னால், அவ்வறிவு வீட்டுக்கும் செல்லும்.