விளையாட்டே உரைகல்

பொன்னின் மாற்றை அறிய உரைகல் உண்டு. கணிப்பொறியின் ஆற்றலை அறிய எது உரைகல்? விளையாட்டு என்று நான் சொன்னால் நீங்கள் நகைக்கக்கூடும். ஆயினும், கடிதம் எழுதுகையில் மனிதன் சிந்திக்கும் நேரமெல்லாம் கணிப்பொறி ஓய்ந்திருக்கிறது. விளையாட்டோ அதற்கு ஓய்வே தருவதில்லை. நொடிதோறும் பல முறை புதிய காட்சியை வரைந்தாக வேண்டும். சற்றே தாமதித்தாலும் நம் கண் கண்டுபிடித்துவிடும்.

1993 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து ஐடி சாப்ட்வேர் நிறுவனம் 'டூம்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஒருவர் ஆடிய ஆட்டத்தைப் பதிவுசெய்து மீண்டும் ஓட்டும் வசதி அதில் இருந்தது. பதிவில் படம் இராது. ஆடியவரின் அசைவுகளைப் பற்றிய குறிப்பு மட்டுமே இருக்கும். படங்களை அந்தந்தப் பொறியே வரைந்துகொள்ள வேண்டும். ஒரே ஆட்டத்தை இரு பொறிகளில் இயன்ற வேகத்தில் ஓட்டி, பிடித்த நேரத்தை ஒப்பிட்டால் எது வலியது என்பது விளங்கிவிடும்.

1996 ஜூனில் அதே நிறுவனத்தின் 'குவேக்' வந்தது. அந்நாளில் சைரிக்ஸ் என்னும் நிறுவனம் '6எக்ஸ்86' என்ற செயலியை விற்றுவந்தது. 150 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய அதன் ஒரு வகைக்கு 'பிஆர்200+' என்று பெயர். 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு அது ஈடு என்பது பொருள். அலுவலகப் பணிகளில் அது பொய்யும் அன்று. குவேக்கிலோ அது வேகம் குறைந்த பென்டியங்களுக்கும் பின்தங்கியது.

காரணம் யாது? தொலைவிலுள்ள சுவர் சிறுத்தும் அருகிலுள்ளது பெருத்தும் தோன்றுவதற்குப் பின்னக் கணக்கில் இடைவிடாது வகுத்தல் செய்ய வேண்டும். குவேக்கை உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் ஆப்ராஷ், 16 புள்ளிகளுக்கு ஒரு முறை வகுத்தால் போதும் என அமைத்தார். பென்டியத்தின் ஒரு பகுதி வகுக்கும்போதே மற்றொரு பகுதி புள்ளிகளை வரைந்துகொண்டிருக்கும். சைரிக்ஸ் முழு எண் கணக்கில் வல்லது. பின்னக் கணக்கில் மெலிந்தது. அந்த மெலிவு குவேக்கில் வெளிப்பட்டது. ஆனால் அந்த விளையாட்டே பென்டியத்தின் இயல்புக்கேற்ப எழுதப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. உரைகல்லுக்கும் ஒரு சார்பு உண்டு.

இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது 2001இல் நடந்தது. ஏடிஐ நிறுவனத்தின் 'ரேடியான் 8500' என்னும் வரைகலை அட்டை, 'குவேக் 3' விளையாட்டில் நல்ல வேகம் காட்டியது. ஐயுற்ற சோதனையாளர்கள், விளையாட்டு நிரலில் 'குவேக்' என்றிருந்த பெயரை, வாத்தின் குரலைக் குறிக்கும் 'குவாக்' என்று மாற்றினர். வேறெதையும் தொடவில்லை. உடனே வேகம் குறைந்தது, படமோ தெளிந்தது! அட்டையை இயக்கும் மென்பொருள், விளையாட்டின் பெயரைக் கண்டதும் படத்தின் நேர்த்தியைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருந்தது. பின்னர் வந்த இயக்கு மென்பொருளில் அக்குறை நீக்கப்பட்டது.

மாணவர்களே, வினாத்தாளை முன்னரே அறிந்தவன் பெறும் மதிப்பெண் அவன் அறிவைக் காட்டாது. பொறிக்கும் அவ்வாறே. சோதனை இன்னதென்று தெரிந்துவிட்டால், அளவுகோலுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் ஆசை பிறந்துவிடுகிறது. ஆகவே, ஓர் எண்ணைக் காணும்போது, அது எவ்வளவு என்று மட்டும் பாராமல், எதைக்கொண்டு அளந்தார்கள் என்றும் கேளுங்கள். ஒரு பெயரை மாற்றிப் பார்த்தவர்கள் கேட்டதும் அதுவே.