‘உங்கள் நிலம் பொதுத் திட்டத்துக்கு ஒதுக்கீடு’ என்றால்… தரிசு போடாதீர்கள், தேதியைப் பாருங்கள்!

திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் பயிற்சி முகாம் நடத்தும்போது, பயிர் பற்றிய சந்தேகங்கள் முடிந்ததும் விவசாயிகள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. “எங்க சர்வே நம்பர் ரோட்டுக்குப் போகுதாம், சிப்காட்டுக்குப் போகுதாம். இனிமே பயிர் வைக்கலாமா, வேணாமா?” சிலர் கேட்பதற்கு முன்பே நிலத்தைத் தரிசாக விட்டிருப்பார்கள். சிலர் தரகரிடம் வந்த விலைக்கு முன்பணம் வாங்கியிருப்பார்கள்.

விவசாயிகளே, வரைபடத்தில் உங்கள் நிலத்தின் மேல் ஒரு கோடு விழுவது வேறு, அந்த நிலத்தை அரசு எடுப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே பல அறிவிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு கெடு உண்டு. அந்தக் கெடுவுக்குள் நீங்கள் செய்வதும், அதுவரை பயிரை விடாமல் வைத்திருப்பதும்தான் உங்கள் இழப்பீட்டைத் தீர்மானிக்கும்.

இந்தப் பகுதியில் ஏன் இத்தனை திட்டங்கள்?

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-ல் அரசாணை வந்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் வருகிறது. எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் செல்லும் சென்னை எல்லைச் சாலை, சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலை, கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் பூங்காக்கள், 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் என எல்லாமே நம் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஒட்டி வந்தவை. இனியும் வரும். அதனால் விதிகளை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

1. நிலப்பயன் மண்டலம்: முழுமைத் திட்டத்தில், அதாவது மாஸ்டர் பிளானில், உங்கள் நிலம் வேளாண் மண்டலம், தொழில் மண்டலம், குடியிருப்பு மண்டலம் என ஏதாவது ஒன்றில் இருக்கும். அங்கே என்ன கட்டலாம் என்பதை இது சொல்கிறது. தொழில் மண்டலம் என்று போட்டிருப்பதால் நிலத்தை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. பயிர் செய்வதை நிறுத்தவும் வேண்டாம்.

2. ஒதுக்கீடு: சாலை, பள்ளி, பூங்கா போன்ற பொதுத் தேவைக்கென்று திட்டத்தில் குறித்து வைப்பது. நிலம் இன்னும் உங்களுடையதுதான். அதில் கட்டடம் கட்ட அனுமதி கேட்டால் மறுக்கப்படலாம். உழுவதற்கும் விதைப்பதற்கும் தடை இல்லை.

3. நில எடுப்பு: சட்டப்படி அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, இழப்பீடு நிர்ணயித்து, நிலத்தை அரசு பெயருக்கு மாற்றுவது. உரிமை கைமாறுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஒதுக்கீட்டுக்கு மூன்றாண்டுக் கெடு

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 38-வது பிரிவு பலருக்கும் தெரியாத ஒன்று. திட்டம் தயாரிப்பது குறித்த அறிவிப்பு (பிரிவு 26 அல்லது 27) அரசிதழில் வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள், ஒதுக்கிய நிலத்தை எடுப்பதற்கான விளம்புகை வெளியாகவில்லை, பேசி வாங்கவும் இல்லை என்றால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருதப்படும்.

இதில் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

- மூன்று ஆண்டு கடந்தாலும் வரைபடத்தில் உள்ள குறியீடு தானாக அழியாது. அரசிதழ் தேதியைக் குறிப்பிட்டுத் திட்டக் குழுமத்துக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, பதில் வாங்கி வைக்க வேண்டும்.
- ஒதுக்கீடு நீங்கினாலும் மண்டலம் மாறாது. வேளாண் மண்டலம் வேளாண் மண்டலமாகவே இருக்கும்.
- வேறு சட்டத்தின் கீழ் அரசு பின்னர் புதிதாக நில எடுப்பைத் தொடங்கலாம். அதை 38-வது பிரிவு தடுக்காது.
- மனைப்பிரிவு போடும்போது சாலைக்கும் திறந்தவெளிக்கும் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த இடத்தை இந்தப் பிரிவைக் காட்டித் திரும்பக் கேட்க முடியாது.

எந்தச் சட்டத்தில் அறிவிப்பு வந்திருக்கிறது?

அறிவிப்பு கையில் வந்ததும் தொகையைத் தேடாதீர்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்ற மூன்றையும் முதலில் பாருங்கள்.

- 2013 நில எடுப்புச் சட்டம் (1-1-2014 முதல் நடைமுறை): பிரிவு 11-ன்படி முதற்கட்ட அறிவிப்பு வரும். அதிலிருந்து 60 நாட்களுக்குள் ஆட்சேபணை தரலாம்.
- தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956: பிரிவு 3ஏ அறிவிப்பு வெளியானதிலிருந்து 21 நாட்கள்தான். 3டி விளம்புகை வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். 3ஏ அறிவிப்பு நாளிதழிலும் வரும். வீட்டுக்குத் தபால் வரட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும்.
- தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001: பிரிவு 15(2)-ன்படி காரணம் கேட்கும் அறிவிப்பு வரும். 15(1) அறிவிப்பு வெளியானதும் நிலம் அரசுக்குச் சேரும்.
- தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் 1997: சிப்காட் நில எடுப்புக்குப் பயன்படுவது இது. பிரிவு 3(2)-ன்படி காரணம் கேட்கும் அறிவிப்பு வரும். 3(1) அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலேயே நிலம் அரசுக்குச் சேரும்.

கடைசி இரண்டிலும் ஆட்சேபணைக்கான கெடு அந்த அறிவிப்பிலேயே இருக்கும். நிலத்தைக் காப்பாற்றப் பேச வேண்டிய இடம் காரணம் கேட்கும் கட்டம்தான். அதைத் தவறவிட்டால், பிறகு பேசுவது பெரும்பாலும் தொகையைப் பற்றித்தான் இருக்கும்.

இந்த மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆகவே ‘அந்தச் சட்டமே செல்லாது’ என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். அதே சமயம், எந்தச் சட்டத்தில் எடுத்தாலும் இழப்பீட்டைக் கணக்கிடும் முறை 2013 சட்டத்தின்படிதான்.

தொகை எப்படிக் கணக்காகிறது?

வழிகாட்டி மதிப்பு, அருகிலுள்ள அதே வகை நிலங்களின் கிரய சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அது அடிப்படை. சராசரி என்பது அறிவிப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில், அதிக விலையுள்ள பாதியை மட்டும் எடுத்துக் கணக்கிடுவது. கிராமப்புறமானால் அதை 1 முதல் 2 வரையுள்ள காரணியால் பெருக்குவார்கள். அதனுடன் மரம், கிணறு, கட்டடம் முதலியவற்றின் மதிப்பைச் சேர்ப்பார்கள். கூட்டிய தொகைக்குச் சமமாக 100 சதவீத ஆறுதல் தொகை உண்டு. சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல் தொகையும் உண்டு.

ஒரு கணக்குக்காக, ஏக்கர் சராசரி 14 லட்சம், காரணி 1.25 என்று வைத்துக்கொள்வோம். 17.5 லட்சம் ஆகிறது. மரமும் கிணறும் 1.5 லட்சம் என்றால் 19 லட்சம். ஆறுதல் தொகையுடன் 38 லட்சம். மரத்துக்கும் கிணற்றுக்கும் ஆறுதல் தொகை சேர்வதால், கணக்கில் விடுபடும் ஒவ்வொரு ரூபாயும் உங்களுக்கு இரண்டு ரூபாய் இழப்பு. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் ஊரில் இருந்தால், அந்தச் சராசரி எல்லோரையும் பாதிக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

பயிர்தான் உங்கள் சாட்சி

2013 சட்டத்தின் 28-வது பிரிவு நிற்கும் பயிர், மரங்களுக்கான சேதத்தையும், நிலம் துண்டாவதால் வரும் நஷ்டத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மரத்தையும் பயிரையும் மதிப்பிட வேளாண்மை, தோட்டக்கலை அனுபவமுள்ளவர்களின் உதவியைப் பெறலாம் என்கிறது 29-வது பிரிவு. ஆனால் பதிவில் இல்லாத பயிரை எந்த நிபுணராலும் மதிப்பிட முடியாது. இதற்காக இப்போதே செய்ய வேண்டியவை:

1. சொர்ணவாரி, சம்பா, நவரை என எத்தனை போகம் வைத்தாலும் ஒவ்வொரு போகத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் ஏற்றுங்கள். குறைந்தது மூன்று பசலிக்கான அடங்கல் நகல் கையில் இருக்கட்டும்.
2. பாசன வசதியுள்ள பல போக நிலத்தை வேறு வழியில்லாதபோது மட்டுமே எடுக்க வேண்டும் என்கிறது 2013 சட்டத்தின் 10-வது பிரிவு. சாலை, ரயில் பாதை போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கும், மாநிலச் சட்டங்களில் எடுப்பதற்கும் இது நேரடித் தடையாகாது. ஆனாலும் பாதையை மாற்றக் கேட்கும்போது பல போக அடங்கல்தான் வலுவான ஆதாரம். தரிசு என்று எழுதப்பட்ட நிலத்துக்கு அந்தப் பேச்சே எழாது.
3. மா, தென்னை, கொய்யா மரங்களை எண்ணி, வயது, அடிமரச் சுற்றளவு, ஆண்டு மகசூல் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். தேதியுடன் படம் எடுங்கள். தோட்டக்கலை உதவி அலுவலரைப் பார்வையிடச் சொல்லுங்கள். அறிவிப்பு வந்த பிறகு அவசரமாக நடும் கன்றுகளுக்குப் பணம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
4. கிணறு, ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு, நிலத்தடிக் குழாய், சொட்டுநீர் அமைப்பு ஆகியவற்றின் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.
5. சாலை உங்கள் வயலைக் குறுக்கே வெட்டினால், ஏரி வாய்க்கால் தண்ணீர் மறுபுறம் போகக் குழாய்ப் பாலமும், டிராக்டர் போக வழியும் வேண்டும் என்று ஆட்சேபணை மனுவிலேயே எழுதுங்கள். சாலை போட்ட பிறகு கேட்பது கடினம்.

காகிதம் சரியாக இருக்கிறதா?

இறந்துபோன தாத்தா பெயரில் பட்டா, பிரிக்காத கூட்டுப் பட்டா, உட்பிரிவு ஆகாத புல எண் ஆகியவற்றால்தான் இழப்பீடு நீதிமன்றத்தில் முடங்குகிறது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று ஐந்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மகள்களின் பங்கும் தெளிவாக இருக்கட்டும். 2013 சட்டத்தில் முதற்கட்ட அறிவிப்பு வந்த பிறகு அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்பதால், பாகப் பிரிவினையை முன்பே முடியுங்கள்.

குத்தகைக்குப் பயிரிடுவோர் குத்தகைப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகைதாரர், விவசாயக் கூலிக் குடும்பங்களும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்கிறது 2013 சட்டம்.

மேய்ச்சல் நிலத்தில் கதை வேறு. தேர்வாய்கண்டிகையில் சிப்காட்டுக்குப் போனதில் பெரும்பகுதி, ஊர் மாடுகள் மேய்ந்த மேய்க்கால் நிலம். தலைமுறையாகப் பயன்படுத்தினாலும் பட்டா இல்லாத நிலத்துக்குத் தனி ஆள் இழப்பீடு கேட்க வழி குறைவு. இத்தகைய நிலத்தை நம்பியுள்ள ஊர்கள், எத்தனை மாடு, எத்தனை குடும்பம் என்ற கணக்குடன் கிராம சபைத் தீர்மானத்தை முன்கூட்டியே பதிவு செய்து வைக்க வேண்டும்.

ஆட்சேபணை மனுவும் பணம் வாங்கும் நாளும்

மனு ஒரு பக்கம் போதும். அறிவிப்பு எண், தேதி, புல எண், பரப்பு, போகங்கள், நீர் ஆதாரம், மரங்கள், குடும்பத்தின் வருமானம், மாற்றுப் பாதை அல்லது மாற்று இடம் இருந்தால் அதன் விவரம் ஆகியவற்றை எழுதி, அடங்கல் நகலை இணையுங்கள். நேரில் கொடுத்து முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள், அல்லது விரைவுத் தபாலில் அனுப்புங்கள். விசாரணைக்குக் கட்டாயம் நேரில் போங்கள்.

தொகை குறைவு என்று தோன்றினால், 2013 சட்டத்தில் பணத்தை ‘எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதித்தான் வாங்க வேண்டும். அப்படி எழுதாமல் வாங்கினால் கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடும். தீர்வம் சொன்ன நாளில் நீங்கள் அங்கே இருந்தால், ஆறு வாரத்துக்குள் மேல்முறைக்கு அனுப்பக் கேட்டு ஆட்சியருக்கு மனு கொடுக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் நடுவரிடம் முறையிட வேண்டும்.

எடுத்த நிலம் ஐந்து ஆண்டு பயன்படாமல் கிடந்தால் திரும்பி வரும் என்று பலர் நம்புகிறார்கள். 2013 சட்டத்தின் 101-வது பிரிவு, அதை உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

யாரிடம் கேட்பது?

- மண்டலம், ஒதுக்கீடு பற்றி: உங்கள் ஊர் எந்தத் திட்டக் குழும எல்லையில் உள்ளது என்று அறிந்து, சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் புல எண்ணுடன் எழுத்து மூலம் கேளுங்கள்.
- நில எடுப்பு பற்றி: நில எடுப்புத் தனி வட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர்.
- இலவச சட்ட உதவி: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது.
- பயிர், மரம் பற்றி: வட்டார வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகங்கள், திரூர் வேளாண் அறிவியல் நிலையம்.

இந்தப் போகத்துக்கு நாற்று விடும் நேரம் வந்திருந்தால் விட்டுவிடுங்கள். விதைத்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிவாகிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.